வானத்துக்கு யார் ஸ்டேஷன் மாஸ்டர்?

2025 நவம்பர் இரண்டாவது வாரம். கூட்டேரிப்பட்டு டீக்கடையில் காலை பேப்பரை வைத்துக்கொண்டு நானும் வாத்தியாரும் உட்கார்ந்திருந்தோம். வாத்தியார் என்றால் என்னோடு நாற்பது வருஷமாகச் சண்டை போடும் நண்பர். திண்டிவனம் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்லி விமான நிலையத்தில் கம்ப்யூட்டர் கோளாறு, எண்ணூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம் என்று செய்தி வந்திருந்தது.

"பாத்தீங்களா மாஸ்டர், கவர்மெண்ட் கையில இருந்தா இதான். ஏர்போர்ட்டை எல்லாம் பிரைவேட்ல குடுத்துட்டாங்க, பளபளன்னு இருக்கு. இந்தக் கண்ட்ரோல் ரூமையும் குடுத்துட வேண்டியதுதானே?" என்றார்.

"அது கடை இல்ல வாத்தியாரே, கேபின்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. டீ ஆறும் வரை பேசியும் முடியவில்லை. "எழுதித் தாங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். அதனால்தான் இந்தப் பதிவு. நான் விமானத் துறையில் வேலை பார்த்தவன் இல்லை. முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். ஆனால் இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, என் பழைய வேலையைத்தான் மேலே வானத்தில் வேறு பெயரில் செய்கிறார்கள் என்று தெரிந்தது.

மாலையில் மயிலம் மலைப்படியில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே சென்னையிலிருந்து திருச்சி, மதுரைப் பக்கம் போகும் விமானங்கள் தெரியும். அந்த விமானிகள் தங்கள் இஷ்டத்துக்குப் போவதில்லை. எந்த உயரம், எந்தத் திசை, முன்னால் போகிறவருக்கும் இவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று சென்னையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கண்ட்ரோலர் சொல்கிறார். நம் நாட்டு வானத்தை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரிய வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கடல் மேல் இருப்பதையும் சேர்த்தால் மொத்தம் 28 லட்சம் சதுர கடல் மைல். சென்னை வட்டாரத்துக்கு நம் தலைக்கு மேலுள்ள வானத்தோடு வங்காள விரிகுடாவில் ஒரு பெரும்பகுதியும் பொறுப்பு. ரயில்வேயில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்குப் பெயர் பிளாக். வானத்திலும் அதே தர்மம்தான். ஒரு வித்தியாசம், அங்கே வண்டியை நிறுத்தி வைக்க முடியாது.

முதலில் நடத்தியவர்கள் தனியார்தான்

வாத்தியார் ஆச்சரியப்படப்போகும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை ஆரம்பத்தில் அரசாங்க வேலையே இல்லை. 1929-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஆர்ச்சி லீக் என்பவர் ஒரு தள்ளுவண்டியில் நாற்காலியும் கொடிகளும் எடுத்துக்கொண்டு போய், ஓடுதளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, இறங்கலாம், இறங்கக்கூடாது என்று கொடி காட்டினார். எங்கள் பாயிண்ட்ஸ்மேன் செய்த அதே வேலை. பிறகு 1935 டிசம்பரில் நியூவார்க்கில் நான்கு விமானக் கம்பெனிகள் சேர்ந்து சொந்தச் செலவில் முதல் கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்தன. மேஜைமேல் வரைபடம் விரித்து, விமானத்துக்கு ஒரு வில்லை வைத்து நகர்த்துவார்கள். சுமார் ஏழு மாதம்தான், 1936 ஜூலையில் அமெரிக்க அரசே அதை எடுத்துக்கொண்டது. போட்டிக் கம்பெனிகளின் விமானங்களுக்கும், கம்பெனியில் சேராதவர்களின் விமானங்களுக்கும் வழிவிட ஒரு பொது ஆள் தேவைப்பட்டது.

1944-ல் சிகாகோவில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வானத்தின்மேல் முழு உரிமை. விமானங்களுக்கு வழிகாட்டும் வசதிகளை ஏற்படுத்துவது அந்தந்த நாட்டின் கடமை. அந்தக் கடமையைத் தானே செய்ய வேண்டுமா, ஆள் வைத்துச் செய்யலாமா என்பதில்தான் இன்றைய சண்டை முழுவதும் இருக்கிறது.

ரயில்வே கதையும் இதே மாதிரிதான். நம் ஊர் வழியாகப் போகும் பாதை சௌத் இந்தியன் ரயில்வே என்ற லண்டன் கம்பெனி நடத்தியது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்கு இவ்வளவு என்று அரசு உத்தரவாதம் கொடுத்துப் போட்ட காலத்துப் பாதை. 1944-ல்தான் அரசு நேரடியாக எடுத்து நடத்தியது; 1951-ல் சதர்ன் ரயில்வே ஆனது. என் அப்பா கம்பெனியில் பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, சர்க்கார் வேலையில் ரிட்டயர் ஆனவர். "முதலாளி மாறினான், கையில இருந்த விளக்கு மாறலை" என்பார். கம்பெனி காலத்திலும் விதிப்புத்தகம் ஒன்று இருந்தது. சர்க்கார் காலத்திலும் விபத்து நடந்தது. இரண்டையும் மறக்காமல்தான் மேலே எழுதுகிறேன்.

நம் நாட்டில் நடந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு நெடுங்காலம் விமான நிலையம், கண்ட்ரோல் டவர், விதி போடுவது, விதியை மீறினால் கேட்பது எல்லாம் ஒரே அரசுத் துறை. 1972-ல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு சர்வதேச விமான நிலையங்களுக்குத் தனி ஆணையம் வந்தது. 1986-ல் உள்நாட்டு விமான நிலையங்களுக்கும், நாடு முழுவதும் விமானங்களுக்கு வழிகாட்டும் வேலைக்கும் தேசிய விமான நிலைய ஆணையம் வந்தது. அப்போதுதான் விதி போடுகிறவரும் வேலை செய்கிறவரும் தனித்தனி ஆனார்கள். 1995 ஏப்ரல் 1 அன்று இரண்டு ஆணையங்களையும் சேர்த்து இன்றைய இந்திய விமான நிலைய ஆணையம் பிறந்தது. புனே, கோவா டபோலிம் போன்ற சில இடங்களில் மட்டும் விமானப்படை, கடற்படை ஆட்கள் டவரில் உட்காருகிறார்கள்.

பிறகு தனியார் அலை. கொச்சி 1999-லேயே பொதுமக்கள் பணமும் அரசுப் பணமும் சேர்ந்து கட்டிய விமான நிலையமாகத் திறந்தது. 2003-ல் ஆணையத்தின் சட்டத்தைத் திருத்தி, விமான நிலையங்களைக் குத்தகைக்கு விட வழி செய்தார்கள். 2006 பிப்ரவரியில் ஆணைய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தும், அந்த ஆண்டு மே மாதம் டெல்லியும் மும்பையும் தனியார் கைக்குப் போயின. பெங்களூரும் ஹைதராபாத்தும் 2008-ல் புதிதாகத் தனியாராகவே திறந்தன. 2020, 2021-ல் திருவனந்தபுரம், மங்களூரு உட்பட ஆறு நிலையங்கள் அதானி குழுமத்துக்குப் போயின. 2021-ல் அரசு வெளியிட்ட சொத்துப் பணமாக்கல் பட்டியலில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை நான்கும் இருந்தன.

இங்கே ஒரு விஷயத்தை வாத்தியார் கவனிக்க வேண்டும். 2003 திருத்தத்திலேயே, குத்தகைக்கு விடுவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலையைப் பாதிக்கக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். அதனால் பளபள தரையும், கடைகளும், கார் நிறுத்துமிடமும் தனியாருடையது. கண்ட்ரோலர் மட்டும் இன்றும் ஆணையத்தின் ஊழியர். அதையும் ஆணையத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கலாம் என்ற யோசனை இருபது வருஷமாக அவ்வப்போது டெல்லியில் எழுந்து, அடங்கி, மறுபடி எழுகிறது.

பிரிக்க வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு விமானத்திடமும் அதன் எடையையும் தூரத்தையும் கணக்கிட்டு வழிகாட்டும் கட்டணம் வாங்குகிறார்கள். நல்ல வருமானம். ஆனால் அந்தப் பணம் ஆணையத்தின் பொதுப் பெட்டிக்குப் போகிறது. வருமானம் குறைந்த சின்ன விமான நிலையங்களையும் அதே பெட்டிதான் தாங்குகிறது. ரேடார் வாங்க வேண்டும், ஆள் எடுக்க வேண்டும் என்றால் எல்லோரோடும் வரிசையில் நிற்க வேண்டும்.

வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1996 நவம்பர் 12 சாட்சி. ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். வானத்தில் நடந்த மோதல்களில் இதுவே மிகப் பெரியது. கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டியது, அதற்கும் கீழே இறங்கிவிட்டது. 14,000 அடியில் சவுதி விமானம் எதிரே வந்தது. தவறு கஜகஸ்தான் விமானிகளுடையது என்றுதான் விசாரணையில் முடிவானது. ஆனால் டெல்லி கண்ட்ரோலரிடம் இருந்த ரேடாரில் விமானம் ஒரு புள்ளியாகத் தெரியும், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாது. வானத்தின் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்ததால் வருவதற்கும் போவதற்கும் ஒரே பாதை. ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால், சிங்கிள் லைனில் எதிரெதிர் வண்டி. உயரத்தையும் காட்டும் புதிய ரேடார் டெல்லிக்கு வந்துகொண்டே இருந்தது, வந்து சேரவில்லை. அதன் பிறகுதான் மோதல் எச்சரிக்கைக் கருவி நம் வானத்தில் கட்டாயம் ஆனது.

ஆக, அரசு நடத்தினால் பத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை.

மற்ற நாடுகள் செய்து பார்த்தது

1987-ல் நியூசிலாந்து இந்த வேலையை அரசுக்குச் சொந்தமான தனி கம்பெனி ஆக்கியது. 1993-ல் ஜெர்மனியும் அப்படியே செய்தது. பிறகு ஜெர்மனி அதன் பெரும்பங்கைத் தனியாருக்கு விற்கச் சட்டம் கொண்டுவந்தது. 2006-ல் குடியரசுத் தலைவர் ஹோர்ஸ்ட் கோலர், அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

கனடா வேறு வழி. 1996-ல் 150 கோடி கனடிய டாலருக்கு நாவ் கனடா என்ற அமைப்பிடம் அரசு எல்லாவற்றையும் விற்றது. அதற்குப் பங்குதாரர் கிடையாது, லாபம் பிரிப்பதும் கிடையாது. விமானக் கம்பெனிகள், சொந்த விமானம் வைத்திருப்பவர்கள், அரசு, தொழிற்சங்கம் எல்லோருக்கும் நிர்வாகத்தில் இடம். நம் பக்கத்துக் கூட்டுறவு சங்கம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அதை எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் 2020-ல் கொரோனா வந்து விமானம் பறப்பது நின்றதும் வருமானமும் நின்றது. ஆட்களைக் குறைத்து, கட்டணத்தைக் கிட்டத்தட்ட 30 சதவீதம் உயர்த்த வேண்டி வந்தது.

பிரிட்டன் 2001-ல் நாட்ஸ் என்ற அமைப்பில் 46 சதவீதத்தை ஏழு விமானக் கம்பெனிகளின் கூட்டணிக்கு விற்றது. ஊழியருக்கு 5, அரசுக்கு 49. இதில் வேடிக்கை, எதிர்க்கட்சியாக இருந்தபோது விற்கவே கூடாது என்று மேடையில் முழங்கிய தொழிற்கட்சிதான் ஆளும் கட்சியானதும் விற்றது. ஜூலையில் கைமாறியது, செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தன. விமானப் போக்குவரத்து சரிந்து நாட்ஸ் தள்ளாடியது. 2003-ல் அரசும் விமான நிலையக் கம்பெனி ஒன்றும் தலைக்கு ஆறரைக் கோடி பவுன் போட்டுத் தூக்கி நிறுத்தின. லாபம் வரும்போது கம்பெனி, முழுகும்போது சர்க்கார் என்ற கணக்கு நம் ரயில்வே உத்தரவாதக் காலத்திலிருந்து மாறவே இல்லை.

அமெரிக்கா இன்றுவரை விற்கவில்லை. 1981-ல் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட கண்ட்ரோலர்களை ஜனாதிபதி ரீகன் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார். 2017-ல் டிரம்ப் ஆதரவோடு தனி அமைப்பாக்கும் மசோதா வந்து, போதிய ஆதரவில்லாமல் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது.

இப்போது வாத்தியாரின் டெல்லிக் கோளாறுக்கு வருகிறேன். விமானத் திட்டங்களை எடுத்துக் கொடுக்கும் தகவல் கருவி படுத்துவிட்டது. கண்ட்ரோலர்கள் கையால் செய்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2023 ஆகஸ்ட் 28 அன்று, பாதி தனியாரான பிரிட்டனில் இதே மாதிரி நடந்தது. ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் ஒரே குறியீடு கொண்ட இரண்டு இடங்கள் வந்தன, ஒன்று அமெரிக்காவில், ஒன்று பிரான்ஸில். கம்ப்யூட்டர் குழம்பித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. அன்று விடுமுறை. பொறியாளர் வீட்டிலிருந்து பார்த்துவிட்டு, முடியாமல் கிளம்பி வந்து சேர ஒன்றரை மணி நேரம். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள். சர்க்கார் டெல்லியிலும் அதே வியாதி, கம்பெனி லண்டனிலும் அதே வியாதி. அப்படியானால் வியாதி வேறு எங்கோ இருக்கிறது.

ஒரு ராத்திரி

எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்ல, இதுவரை என் வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

1980-களின் தொடக்கம். விழுப்புரத்துக்குத் தெற்கே, மீட்டர் கேஜ் சிங்கிள் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம். எனக்கு மாற்றாக வர வேண்டியவர் வரவில்லை. பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடிந்து, அடுத்த பன்னிரண்டும் என் தலையில். விடியற்காலை மூன்று மணி இருக்கும். பாசஞ்சர் ஒன்று என் பிளாட்பாரத்தில் நிற்கிறது. அடுத்த ஸ்டேஷனில் லைன் கிளியர் கேட்டு டோக்கன் எடுக்கக் கருவியைத் திருப்பினேன். பந்து விழவில்லை. மறுபடி திருப்பினேன், விழவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, போனை எடுத்து, "இன்ஸ்ட்ருமென்ட் ஃபெயிலியர், பேப்பர் லைன் கிளியர் கொடுத்து அனுப்புறேன், நம்பர் சொல்லுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் இருந்தவர் என்னைவிடப் பெரியவர். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "தம்பி, நீ ரெண்டு மணிக்கு அனுப்பின கூட்ஸ் இன்னும் என்கிட்ட வரலையேப்பா" என்றார்.

என் கை ஜில்லிட்டது. கருவி கெடவில்லை. நடுவில் கூட்ஸ் நின்றுகொண்டிருந்ததால்தான் அது டோக்கன் தர மறுத்தது. மேட்டில் எஞ்சின் ஆவி பிடிக்காமல் நின்றிருக்கிறது. அதை அனுப்பியவன் நான்தான், அனுப்பியதே என் தலையில் இல்லை. பாசஞ்சரில் ஜன்னலோரம் குழந்தையை மடியில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தபடி நான் நின்றது இன்றும் நினைவிருக்கிறது. காலையில் ரிஜிஸ்டரில் எதுவும் எழுதப்படவில்லை. எதுவும் நடக்கவில்லையே.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியில் ஊபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே நடந்ததைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்கு அந்த ராத்திரிதான் வந்தது. ஸ்விட்சர்லாந்தின் சூரிச் மையம் அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டது. நடத்தியது அரசுக்குச் சொந்தமான ஸ்கைகைட் என்ற கம்பெனி. இருவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். அது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது, நிர்வாகத்துக்கும் தெரியும். இருந்த ஒருவர் இரண்டு திரைகளைப் பார்த்தார். ரேடாரில் பராமரிப்பு வேலை, முக்கியத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தம். பக்கத்து கார்ல்ஸ்ரூ மையத்தில் இருந்தவர்களுக்கு ஆபத்து தெரிந்தது. போன் போட்டார்கள், கிடைக்கவில்லை. ரஷ்ய விமானத்தில் இருந்த மோதல் எச்சரிக்கைக் கருவி மேலே ஏறு என்றது, கண்ட்ரோலர் கீழே இறங்கு என்றார். விமானிகள் மனிதனின் சொல்லைக் கேட்டார்கள். 71 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். 2007-ல் ஸ்விஸ் நீதிமன்றம் அந்தக் கம்பெனியின் நிர்வாகிகள் நால்வரைக் குற்றவாளிகள் என்றது.

எனக்கு அன்று போன் கிடைத்தது, அந்தப் பக்கம் ஒருவர் விழித்திருந்தார். எனக்கும் அவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

வாத்தியாருக்குப் பதில்

அதனால், யார் முதலாளி என்ற கேள்வியை நான் மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். முதல் கேள்வி, நாற்காலியில் எத்தனை பேர், அவர்கள் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார்கள். 2025-ல் நாடாளுமன்றக் குழுவே நம் கண்ட்ரோலர்களின் ஆள் பற்றாக்குறையையும் களைப்பையும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. இரண்டாவது, நடத்துகிறவரைத் தட்டிக் கேட்க வேறொரு கை இருக்கிறதா, அந்தக் கைக்குப் பலம் இருக்கிறதா.

மூன்றாவதுக்கு வந்தால், விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. டீக்கடை பிடிக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போகலாம். மயிலத்துக்கு மேலே இரண்டு கண்ட்ரோலர்கள் போட்டி போட முடியாது. வானம் ஒன்று, குரலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். போட்டி இல்லாத இடத்தில் லாபத்தைக் கூட்டச் சுலபமான வழி, ராத்திரி டியூட்டியில் ஒரு ஆளைக் குறைப்பது. அரசும் அதையே செய்யும், செய்திருக்கிறது, என் கதையே சாட்சி. ஆனால் அரசுக்கு அதிலிருந்து லாபப்பங்கு கிடையாது.

அதே சமயம் இன்றிருப்பதும் சரியில்லை. கண்ட்ரோலர் சம்பாதித்துத் தரும் பணம் முதலில் ரேடாருக்கும், ஆளெடுப்புக்கும், பயிற்சிக்கும் போக வேண்டும். அதற்காக அரசுக்குச் சொந்தமான தனி அமைப்பாகப் பிரித்தால் நான் எதிர்க்க மாட்டேன். சின்ன விமான நிலையங்களுக்கு வேண்டிய பணத்தை அரசு நேராகக் கொடுக்கட்டும், கணக்கு வெளியே தெரியட்டும்.

இதை அச்செடுத்து வாத்தியாரிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "விக்கக்கூடாதுங்கறதை ஒத்துக்கல. ஏர்போர்ட்டுக்கும் இப்படித்தான் சொன்னீங்க" என்றார். டீ வந்தது. பாதி குடித்துவிட்டு, "அந்தப் பெரியவர் யாரு மாஸ்டர், இருக்காரா?" என்று கேட்டார்.

இல்லை. ரிட்டயர் ஆகி ஐந்தாறு வருஷத்தில் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு பலமுறை சந்தித்திருக்கிறோம். ஒரு தடவைகூட அவர் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசவில்லை, நானும் நன்றி சொல்லவில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.